எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்



மோட்டார் கார் வைத்திருப்பவர் ஒருவரிடம், அவருடைய கார் எத்தனை குதிரைச் சக்தி உடையது என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விடை சொல்லுவார். அந்தக் கார் தரையைத் தொடுகின்ற இடம் எவ்வளவு என்று கேட்டால் சற்றுத் திகைப்பார். ஒரு டயர் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே தரையில் படிகிறது. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியும், அதற்குள் அமர்ந்திருக்கும் குடும்பமும், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகமும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே நாங்குநேரியையும் வள்ளியூரையும் கடந்து செல்கின்றன.

மிகுந்த ஆற்றலுடைய, பின் சக்கரங்களால் உந்தப்படும் செடான் கார்களுக்கு எத்தகைய டயரைத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு. திருநெல்வேலிச் சீமையில் அத்தகைய கார்கள் எத்தனை உண்டு, அதற்கென ஒரு பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். முன்னாளில் அது நியாயமான கேள்விதான். 2007ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சென்னைக்குத் தெற்கே, செங்கற்பட்டுப் பக்கத்தில் தன் தொழிற்சாலையைத் திறந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அதற்கும் முன்பிருந்தே புனே நகரத்தில் கார்களைப் பூட்டி வருகிறது. இவ்விரு நிறுவனங்களின் செடான் வகைகளில் பல, பின் சக்கர உந்துதல் உடையவை. சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அருகே சற்று நேரம் நின்றால் அவற்றுள் ஒன்று கண்ணில் படக்கூடும். புதிதாக வாங்கியவர்களைக் காட்டிலும், பிறரிடமிருந்து பழைய காராக வாங்கியவர்களே டயரைப் பற்றி மிகுதியாகக் கேட்கிறார்கள். காரைச் சகாய விலைக்கு வாங்கி ஆறு மாதம் ஆவதற்குள் நான்கு டயர்களுக்கான விலைப்பட்டியல் கைக்கு வந்துவிடுகிறது. அப்போதுதான் மனம் விழித்துக்கொள்கிறது. கடைக்காரர் "ஆல் சீசன்" என்று ஒரு சொல்லைச் சொல்லுகிறார். எல்லாப் பருவத்துக்கும் உரியது என்றால் நல்லதுதானே என்று நாமும் தலையை அசைக்கிறோம்.

அந்தச் சொல் பிறந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் டயர்கள் மூவகைப்படும். ஒன்று கோடைக்குரியது, மற்றொன்று பனிக்காலத்துக்குரியது, மூன்றாவது இரண்டுக்கும் இடைப்பட்டது. வெப்பம் ஏறக்குறைய 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப்போகும்; பிடிப்பு குறையும். ஆகவே பனிக்கால டயருக்குக் குளிரிலும் இளகி இருக்கும் கலவையைச் சேர்க்கிறார்கள். பட்டைகளில் மெல்லிய கீறல்கள் பலவற்றை இட்டு, அவை பனியைக் கவ்வும்படி செய்கிறார்கள். ஆண்டுக்கு இரு முறை டயர் மாற்றச் சலித்தவர்களுக்காக உண்டானதே ஆல் சீசன் டயர். பனியில் சுமாராகவும் வெயிலில் சுமாராகவும் உழைக்கும்படி இரண்டுக்கும் சமாதானம் செய்து வைத்த பொருள் அது. மூன்று சிகரங்களும் நடுவே ஒரு பனித்துகளும் கொண்ட சின்னம் பக்கச் சுவரில் பொறித்திருந்தால், அது பனித்தரையில் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

நம்முடைய பருவங்களோ வேறு. வைகாசி கழிந்து ஆனி பிறந்தால் தென்மேற்குக் காற்று எழுகிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிறது. பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வருகிறது. ஆற்றங்கரை வயல்களில் கார் நடவு நடக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அது பிசானத்துக்குரிய காலம். கார் என்று தாமிரபரணிக் கரையில் ஒருவர் சொன்னால், அவர் நெல்லைச் சொல்லுகிறாரா மோட்டாரைச் சொல்லுகிறாரா என்று ஒரு கணம் காத்திருந்துதான் அறிய வேண்டும். எஞ்சிய மாதங்கள் வெயிலுக்குச் சொந்தம். பாளையங்கோட்டையில் கோடையின் உச்சத்தில் வெப்பமானி 40 பாகையைத் தொடும்; கருந்தார்ச் சாலையின் மேற்பரப்போ 60 பாகைக்கு மேலும் கொதிக்கும். மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மாஞ்சோலைக்கு ஏறினால் கம்பளி வேண்டியிருக்கும். பனிச்சின்னம் பொறித்த டயர் அங்கும் வேண்டியதில்லை.

பனியைக் கருதிச் செய்த டயரைக் கொண்டுவந்து நம் சித்திரை வெயிலில் ஓட்டினால் என்ன ஆகும்? இளகிய ரப்பர் சூட்டில் மேலும் இளகும். கீறல்கள் நிறைந்த பட்டைகள் வளைந்து நெளியும். திருப்பத்தில் கார் தயங்கித் தயங்கித் திரும்புவதுபோல் தோன்றும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும். தேய்மானமும் விரைவில் வரும். இருநூறு, இருநூற்றைம்பது குதிரைச் சக்தி உடைய வண்டிக்கு இந்தக் குறைகள் மற்ற வண்டிகளைக் காட்டிலும் கூடுதலாகத் தெரியும். ஆகவே நெல்லையில் எல்லாப் பருவம் என்பது வெயிலும் மழையும் என்னும் இரண்டே. அவ்விரண்டிலும் உழைக்கும் டயரைத்தான் தேட வேண்டும்; அதன் பெயரில் பருவம் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமன்று. நம் கடைகளில் கிடைக்கும் நல்ல டயர்கள் பலவற்றில் பருவத்தின் பெயரே இராது.

வெயில், மழை என்ற இரண்டினுள்ளும் எதற்கு அஞ்ச வேண்டும்? இரண்டும் சந்திக்கின்ற வேளைக்கு. நான்கு மாதம் மழையைக் காணாத சாலையில் வாகனங்கள் சிந்திய எண்ணெயும், டயர்களிலிருந்து தேய்ந்து உதிர்ந்த ரப்பர்த் தூளும், புழுதியும் படிந்து கிடக்கின்றன. முதல் மழை பெய்தவுடன் இவையெல்லாம் நீரில் குழைந்து மெல்லிய களிம்பாகப் பரவிவிடுகின்றன. பெருமழை தொடர்ந்தால் அது கழுவிப் போய்விடும். தூறலோடு நின்றுவிட்டால் வழுக்கலும் நின்றுவிடாமல் நீடிக்கும். கார் முதல் பத்து நிமிடத் தூறலில் சறுக்கிற்று என்று கேட்கும்போது, ஓட்டியவருக்கு அது நம்ப முடியாததாக இருக்கிறது. "மழையே பெய்யவில்லை, தூறல்தான்" என்கிறார். அந்தத் தூறல்தான் காரணம்.

கணக்கு ஒன்றைச் சொல்லுகிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், நல்ல டயருடன், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்பதற்குச் சுமார் 30 மீட்டர் போதும். சாலையின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் அது 60 மீட்டராகும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை அழுத்துவதற்கு ஒரு விநாடி ஆனாலும் அதற்குள் 22 மீட்டர் ஓடிவிட்டிருக்கும். அதையும் இரண்டுடனும் கூட்டிக்கொள்ள வேண்டும். நாற்கரச் சாலையின் நடுத்திட்டு இடைவெளியில் பசு மாடு ஒன்று தோன்றுவதற்கு 80 மீட்டர் அறிவிப்புக் கொடுப்பதில்லை.

இனிப் பின் சக்கர உந்துதலுக்கு வருவோம். இது நமக்குப் புதியதன்று. அம்பாசிடரும், பியட்டும், காண்டெஸாவும் பின் சக்கரத்தால் ஓடியவையே. அம்பாசிடர் 2014 வரையில் உற்பத்தியாகி வந்தது. அந்தக் கார்களை நாற்பது ஆண்டு ஓட்டிய முதிய ஓட்டுநர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், "பின் சக்கர வண்டியை நாங்கள் ஓட்டாததா?" என்று அவர்கள் கேட்பதில் பெருமிதம் உண்டு. ஆனால் பழைய அம்பாசிடரின் சக்தி ஐம்பது குதிரையைச் சுற்றியே இருந்தது. கல்யாணத்துக்குப் புறப்பட்டால் பின்னிருக்கையில் ஐந்து பேரும் டிக்கியில் ஒரு குடும்பத்தின் பெட்டிகளும் ஏறும். அந்தப் பாரம் முழுதும் பின் சக்கரங்களைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தது. இன்றைய செடானில் அதனினும் நான்கு ஐந்து மடங்கு சக்தி. டர்போ அமைப்பினால் அந்த இழுவிசை எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே முழுதாக வந்துவிடுகிறது. பெரும்பாலும் உள்ளே இருப்பவரோ ஒருவர்.

டயரின் பிடிப்பு, மேலப்பாளையம் சந்தைக்குப் போகிறவரின் மடியில் உள்ள பணத்தைப் போன்றது. மாட்டுக்குக் கொடுத்தது போக எஞ்சியதுதான் கயிற்றுக்கும் தீவனத்துக்கும். பின் சக்கர வண்டியில் பின் டயர்களுக்கு இரண்டு வேலை. வண்டியை முன்னே தள்ள வேண்டும். திருப்பத்தில் வண்டியின் வால் வெளியே விலகாமல் பிடிக்கவும் வேண்டும். ஈரச் சாலையில் பிடிப்பு என்னும் முதல் குறைந்திருக்கும்போது, திருப்பத்தின் நடுவில் வலக்காலை ஒரு விரற்கடை அழுத்தினால், இருந்த முதலையெல்லாம் தள்ளுவதற்கே செலவழித்துவிடுகிறது டயர். வாலைப் பிடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. கார் பம்பரம்போல் சுழலுகிறது. முன் சக்கர வண்டியில் பிடிப்புப் போனால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் சக்கரம் விட்டுவிட்டால் அதை மீட்கும் கை எல்லாருக்கும் இருப்பதில்லை.

புதிய கார்களில் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். உண்மை, அவை பெரிய பாதுகாப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்தும் எஞ்சினை அடக்கியும் அவை வேலை செய்கின்றன. ஆனால் அந்தப் பிரேக்கும் டயரின் வழியாகத்தானே தரையைப் பற்ற வேண்டும்? மடியில் இல்லாத பணத்தை எந்தக் கருவியும் எண்ணிக் கொடுக்க முடியாது.

நம் ஊர்ச் சாலைகளில் இதற்குச் சோதனைக்களங்கள் பல. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகச் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் வயல். உழவு முடித்துக் கரையேறிய டிராக்டர் தன் சக்கரத்துச் சேற்றைச் சாலையில் உதறிவிட்டுப் போகிறது. அறுவடைக் காலத்தில் வைக்கோலும் உளுந்துக் கொடியும் தாரின்மேல் விரிக்கப்படுகின்றன. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைப்பாதையில் மர நிழலில் ஈரம் காய்வதில்லை. தெற்கே பணகுடி, காவல்கிணறு தாண்டி முப்பந்தலுக்குப் போனால், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்; அங்கே காற்றாலைகளை நட்டிருப்பது வேடிக்கைக்காகவா?

டயரின் பள்ளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டுநர்கள் அவற்றின் மேடுகளைப் பட்டன் என்பார்கள். பட்டன் போனால் மொட்டை டயர். மேட்டைப் போலவே அதன் இடையிலுள்ள பள்ளமும் முக்கியம்; தேங்கிய நீர் வெளியேறுவதற்கு அதுவே வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் நீர் வயலில் நிற்பதுபோல, பள்ளம் தேய்ந்தால் நீர் டயரின் அடியில் நிற்கும். வேகம் மிகுந்தால் டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. நம் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய அதே 1963ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சியாளர்கள் விமானச் சக்கரங்கள் ஈர ஓடுதளத்தில் மிதப்பதை ஆராய்ந்து ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மிதக்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். அந்தக் கணக்கைக் காருக்கு ஏறக்குறையப் பொருத்திப் பார்த்தால், சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும்; 24 பவுண்டாகக் குறைந்தால் 82 கிலோமீட்டரிலேயே மிதக்கும். ஆழமான பள்ளங்கள் இருந்தால் இந்த எல்லை சற்று உயரும்; மொட்டை டயரானால் சிறிதளவு நீரே போதும்.

சட்டம் காருக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும் என்கிறது. பள்ளத்தின் அடியில் சிறு குறுக்குமேடு ஒன்று வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் சட்டத்தின் எல்லை வந்துவிட்டது என்று அறியலாம். சக்திமிக்க பின் சக்கர வண்டிக்கு அந்த எல்லை வரை காத்திருப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 3 மில்லிமீட்டர் ஆனபோதே, அதுவும் புரட்டாசிக்குள், மாற்றிவிடுவது நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய காட்சியைக் கண்டவர்கள் நாம். அத்தகைய வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது; வண்டியை எடுக்காமல் வீட்டில் இருப்பதே செய்யத்தக்கது. நான் சொல்லுவது ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையைப் பற்றி.

கடைக்குப் போகிறோம். பக்கச் சுவரில் 225/50 ஆர் 17, 94 டபிள்யூ என்பதுபோல் எழுதியிருக்கும். 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 50 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்பது ரேடியல். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 94 என்பது தாங்கும் எடையின் குறியீடு, அதாவது ஒரு டயருக்கு 670 கிலோ. டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதைக் குறிக்கும் எழுத்து. நாம் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனாலும் இந்த எழுத்தைக் குறைத்து வாங்கலாகாது. வேகத்தைத் தாங்குவது என்றால் சூட்டைத் தாங்குவது என்றே பொருள். நம் சாலையில் சூட்டுக்குக் குறைவில்லை. கார்க் கம்பெனி குறித்திருக்கும் அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் சொல்லைவிட அந்தச் சீட்டை நம்புங்கள்.

அடுத்தது டயரின் வயது. நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகன் சென்னையிலோ துபாயிலோ இருப்பான். பாளையங்கோட்டை வீட்டில் நல்ல கார் ஒன்று உறை போட்டு நிற்கும். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வந்து ஓட்டுவான். ஏழு ஆண்டில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிராது. பள்ளம் புதியதுபோல் ஆழமாக இருக்கும். ரப்பரோ வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புக் கண்டிருக்கும். அந்த டயருடன் வந்த வேகத்தில் மதுரைக்குப் புறப்படுகிறார்கள். ஆறு ஆண்டு கடந்த டயரைத் தக்கவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டாகிவிட்டால் பள்ளம் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

பிறகு கலவை. ரப்பர் நமக்கு அயல்நாட்டுச் சரக்கு அன்று. ஆரல்வாய்மொழியைக் கடந்து குலசேகரம் பக்கம் போனால் மரத்தில் சிரட்டை கட்டிப் பால் எடுப்பதைக் காணலாம். இயற்கை ரப்பர் லாரி டயருக்கு மிகுதியாகச் சேர்கிறது. கார் டயரின் தரை தொடும் பகுதியில் செயற்கை ரப்பரே பெரும்பங்கு. அதனுடன் கரிப்பொடியும், 1990களிலிருந்து சிலிக்காவும் கலக்கிறார்கள். ஈரத்தில் பிடிப்பைக் கூட்டுவது இந்தச் சிலிக்கா. டயர் செய்வதில் தமிழ்நாடு பின்தங்கியதும் இல்லை. 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியதே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. ஒரகடத்தில் அப்பல்லோவும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஜே.கே. நிறுவனமும் ஆலை வைத்திருக்கின்றன. ஆனால் பெரிய கார்களின் சில அரிய அளவுகளை இறக்குமதியையே நம்பிப் பெற வேண்டியிருக்கிறது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தபோது, அத்தகைய அளவுகளுக்குப் பலர் காத்திருக்க நேர்ந்தது. மழை தொடங்கியபின் தேடிப் புறப்படாமல், ஆவணியிலேயே கேட்டு வைப்பது உத்தமம்.

நீண்ட நாள் உழைக்கும் என்று கடைக்காரர் புகழும் டயர் ஈரத்தில் நன்றாகப் பற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. உழைப்புக்காக இறுக்கமாகச் செய்த ரப்பர் பெரும்பாலும் ஈரப்பிடிப்பில் சற்றுப் பின்தங்கும். வாடகைக் காருக்கு உழைப்பு முதன்மை. அதில் குற்றம் இல்லை. நாம் பேசும் காருக்கு ஈரப்பிடிப்பே முதன்மை. பத்தாயிரம் கிலோமீட்டர் குறைந்தால் குறையட்டும். ஈரப்பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் நம் நாட்டில் கட்டாய அளவுகளை மத்திய அரசு 2022இல் அறிவித்தது. ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் இட்டுச் சீட்டு ஒட்டுகிறார்கள். அதே டயர் இங்கும் விற்கப்பட்டால் அந்தத் தரத்தைத் தேடிப் பார்த்து வாங்கலாம். ஆயிரம் விளம்பரத்தைவிட அந்த ஓர் எழுத்து பயன்படும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவற்றை எங்கே போடுவது? நம் ஊரில் பெரும்பாலோர் முன்னே போடுகிறார்கள். ஸ்டியரிங் முன்னே இருக்கிறது, ஆகவே நல்லது முன்னே இருக்கட்டும் என்பது வாதம். அது தவறு. புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் ஓட்டுபவர் கையில் உணர்வார். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்ற பிறகே உணர்வார். முன் சக்கர வண்டிக்கும் இதே விதிதான். பின் சக்கர வண்டிக்கு இருமடங்கு பொருந்தும். ஒரே அச்சில் இரு வேறு டயர்களைப் போடுவது கூடவே கூடாது. என்னைக் கேட்டால், இத்தகைய காருக்கு நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வகை என்றிருப்பதே முறை. சில கார்களில் முன்னே 225, பின்னே 255 என்று அகலம் வேறுபடும். அவற்றை முன்பின்னாக மாற்றிப் போட இயலாது. பின் டயர் விரைவில் தேயும் என்பதை வாங்கும்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

காற்றுப் போனாலும் ஓடும் ரன்பிளாட் டயரைப் பற்றியும் கேட்கிறார்கள். காற்று முழுதும் போன பின்பும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை போகலாம். இது வந்த கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இராது. பக்கச் சுவர் கனமானது; குழிகளில் உடம்பு குலுங்கும்; விலையும் அதிகம். சாதாரண டயருக்கு மாறியவர்கள் பயணம் சுகமாயிற்று என்கிறார்கள். மாறலாம், ஆனால் நள்ளிரவில் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடையே காற்றுப் போனால் என்ன செய்வோம் என்பதற்கு விடையைக் கண்டுகொண்டு மாற வேண்டும். ஸ்டெப்னியோ, ஓட்டை அடைக்கும் கருவியும் பம்பும் கொண்ட பெட்டியோ டிக்கியில் இருக்கட்டும்.

டயரை வாங்கிப் போட்டாயிற்று. அதன்பின் செய்ய வேண்டியது மிக எளிது. ஆகவேதான் ஒருவரும் செய்வதில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வண்டி ஓடாத காலை வேளையில், காற்றைப் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் சுழலும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிரும். அதனால் உள்ளுக்குள் சூடு ஏறும். மே மாதப் பகலில் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது என்று கேட்கும்போது, வெயில்தான் வெடிக்க வைத்தது என்கிறார்கள். பல வேளைகளில் காரணம் காற்றுக் குறைவு. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் நாலைந்து பவுண்டு கூடியிருக்கும், அது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடலாகாது. நைட்ரஜன் அடைக்கலாமா என்றால், அடைக்கலாம். நாம் இலவசமாக அடைக்கும் காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடைக்கலாம். வீல் அலைன்மென்டை ஆண்டுக்கு ஒரு முறையேனும், பெரிய குழியில் விழுந்தால் உடனேயும் பார்ப்பது நன்று.

கழற்றிய பழைய டயர்களை என்ன செய்வது? சிலர் மொட்டை மாடியில் அடுக்கி வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் அவற்றுள் தேங்கும் கையளவு நல்ல தண்ணீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. போகியன்று தெருவில் போட்டுக் கொளுத்துவோரும் உண்டு. அந்தக் கரும்புகை வீட்டுக் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. புதிய டயர் வாங்கிய கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்கள். விலை சிறிது குறைத்தும் தருவார்கள். கொடுப்பதற்கு முன்பு அதன் பக்கச் சுவரில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடச் சொல்லுங்கள். வேறொருவர் காருக்கு அது மறுபடியும் ஏறாது.